ஒரு தடவை கூப்பிட்டால் போதும்

அயோவா,
9 ஜூன் 1974

அன்புத் தங்கை லவோனுக்கு,

அக்கா ஆர்டிஸ் எழுதுவது. இங்கே இருவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை அடுத்த கடிதத்தில் முதல் வரியாக எழுது. போன தடவை போலக் கடைசி வரியில் ஒளித்து வைக்காதே.

ஒரு செய்தி சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நாங்கள் ஊர் சுற்றக் கிளம்புகிறோம். பன்றிகளை மார்ச் மாதமே விற்றாகிவிட்டது. நிலத்தை மகன் வெண்டெல் பார்த்துக்கொள்கிறான். கல்யாணமான புதிதில் உன் அத்தான் என்னிடம் சொன்னார்: "ஒரு கோடை முழுக்க ஒவ்வொரு மாநிலமாப் போய்ப் பொருட்காட்சியா பார்த்துத் தீர்த்துடுவோம்." நாற்பத்தொரு கோடை போய்விட்டது. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பன்றி குட்டி போட்டு எங்களைப் பிடித்துப் போட்டுவிடும். இப்போது பிடித்துப் போட ஒன்றும் இல்லை.

பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு விஸ்கான்சின், மிச்சிகன், ஒஹாயோ, இந்தியானா என்று போய், ஆகஸ்ட் மத்தியில் நம் மாநிலப் பொருட்காட்சிக்குத் திரும்பிவிடுவோம். அங்கே புருஷனை உரக்கக் கூப்பிடும் போட்டிக்கு இந்த வருஷமும் பெயர் கொடுத்துவிட்டேன்.

ஊர்களின் பட்டியலைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரை எழுதி, "தபாலாபீஸில் வைத்திருக்கவும்" என்று போட்டால் போதும், போய் வாங்கிக்கொள்வேன். உன் அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா,
ஆர்டிஸ்

ஒரேகான்,
17 ஜூன் 1974

அக்காவுக்கு லவோனின் வணக்கம்.

முழங்கால் வலிக்கிறது. முதல் வரி எழுதியாகிவிட்டது, திருப்திதானே? பள்ளிக்கூடம் லீவு என்பதால் அங்கே சமையல்கட்டு வேலை இல்லை. பீன்ஸ் டப்பாவில் அடைக்கும் ஆலைக்குப் போகிறேன். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. முழங்கால் வேறென்ன செய்யும்?

எட்டு வருஷமாக இரண்டாம் பரிசு வாங்கியும் உனக்கு ஆசை விடவில்லை. டீட்மன் அம்மாவுக்கு இந்த வருஷமாவது தொண்டை கட்டிக்கொள்ளட்டும். ஆனால் ஒன்று சொல்வேன். வயலிலிருந்து புருஷனைச் சாப்பிடக் கூப்பிட உன்னைப் போல ஒருத்தி கிடையாது. "ஹார்ல...ன், ஆறுது வாங்க" என்று நீ பின்வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் அரை மைல் தள்ளி டிராக்டர் நிற்கும். வந்து தொலைய வேண்டியதுதானே? உன் வீட்டில் தங்கியிருந்த நாளெல்லாம் எனக்குச் சூடான உருளைக்கிழங்கு கிடைத்ததே இல்லை. அத்தான் குழாயடியில் நின்று முழங்கை வரை சோப்புப் போட்டு, நகக்கண் நகக்கண்ணாகத் தேய்த்து, ஆபரேஷனுக்குப் போகும் டாக்டர் மாதிரி கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து நாம் பாதி தின்றிருப்போம்.

என் வீட்டுக்காரர் ரசலின் சாவுக்கு வந்த அத்தான் பன்றிகளை நினைத்து இரண்டாம் நாளே கிளம்பிவிட்டார். இப்போது இரண்டு மாதம் ஊர் சுற்றுகிறார். எல்லாம் சரி, பட்டியலைப் பார்த்தேன். கிழக்கே நான்கு மாநிலம் இருக்கிறது. மேற்கே தங்கை ஒருத்தி இருப்பது மட்டும் ஞாபகம் வரவில்லையா?

பதில் போடு.
லவோன்

விஸ்கான்சின்,
1 ஜூலை 1974

அன்புள்ள லவோன்,

கடவுள் புண்ணியத்தில் டிரெய்லர் ஒழுகவில்லை, நாங்களும் நன்றாகவே இருக்கிறோம். மேற்கே மலை ஏற இந்தப் பழைய வண்டிக்குத் தெம்பு இல்லை. அதனால்தான் வரவில்லை. வேறொன்றும் நினைக்காதே.

இங்கே மாவட்டப் பொருட்காட்சி. பாலாடைக்கட்டியை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்துத் தருகிறார்கள். உன் அத்தான் மூன்று பொட்டலம் சாப்பிட்டார். ராட்டினத்தில் ஏறமாட்டேன் என்றார், நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் பன்றிக் கொட்டகைக்குள் காலை வைத்ததும் ஆளே மாறிவிட்டார். ஒரு பெண் போட்டிக்குத் தன் பன்றியை நடத்திக்கொண்டு வந்தாள். இவர் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "பின்னங்கால் நேரா இருக்கு, முதுகு நல்ல நீளம், ஆனா தோள்ல சதை பத்தாது. மூணாவதுதான் வரும்," என்றார். நடுவரும் அதற்கு மூன்றாவது இடம்தான் கொடுத்தார். பக்கத்தில் நின்ற குடியானவர்கள் இவரைச் சுற்றிக்கொண்டு விட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நெடுநேரம் அங்கேயே நின்றோம்.

வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். அவருக்குத் தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது. சட்டைக் காலருக்குள் எல்லாம் பெயரும் விலாசமும் தைத்து வைத்தேன். வெளியூரில் சலவைக்குப் போட்டால் மாறிவிடுகிறதே, அதற்காக.

அடுத்து மிச்சிகனில் செர்ரித் திருவிழா. கொட்டையைத் தூரத் துப்பும் போட்டி ஒன்று இருக்கிறதாம். நீ வந்திருந்தால் கோப்பை உனக்குத்தான்.

அன்புடன் அக்கா

மிச்சிகன், 8 ஜூலை
(செர்ரி மரம் படம் போட்ட தபால் அட்டை)

ரசல்,
செர்ரி நல்லா இருக்கு. ஆர்டிஸ் கடைக்குப் போயிருக்கா, அதான் நானே எழுதறேன். அறுவடை முடிஞ்சதும் வந்து உன் தெற்கு வேலியைக் கட்டித் தர்றேன். கம்பி மட்டும் வாங்கி வை. லவோனைக் கேட்டதாச் சொல்லு.
ஹார்லன்

ஒரேகான்,
15 ஜூலை 1974

அக்கா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

அத்தான் போட்ட அட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், படித்துப் பார். ரசல் போய் நாலு வருஷம் ஆகிறது. பெட்டியின் முன்பக்கம் இடது மூலையைத் தோளில் தாங்கியது யார்? அத்தான்தானே? குழியருகே என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்?

இது விளையாட்டு என்றால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தபால்காரர் அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். அந்த வேலி விழுந்தே போய்விட்டது, அதையும் அத்தானிடம் சொல்.

லவோன்

ஒரேகான்,
29 ஜூலை 1974

அன்பு அக்காவுக்கு,

நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? இரண்டு வாரமாகப் பதில் இல்லை. கோபத்தில் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு ஆலையில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். நீ வண்டி ஓட்டுவது, காலரில் விலாசம் தைத்தது, மேற்கே மட்டும் வராதது எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

அத்தான் விளையாட்டுக்கு எழுதவில்லை, அப்படித்தானே? அவருக்கு ரசல் உயிரோடு இருக்கிறார்.

உண்மையைச் சொல். நான் உன் தங்கச்சி.

லவோன்

ஒஹாயோ,
3 ஆகஸ்ட் 1974

அன்புள்ள லவோன்,

உன் இரண்டு கடிதங்களும் இங்கே தபாலாபீஸில் ஒன்றாகக் கிடைத்தன. உடம்புக்கு எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கும் உடம்பில் ஒன்றுமில்லை.

போன அக்டோபரில் ஆரம்பித்தது. சோளம் அறுக்கப் போனவர் பக்கத்து வீட்டுக்காரரின் வயலில் அறுத்துக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் டாக்டர் மூளை தேய்கிறது என்றார், மருந்து இல்லை என்றார். மார்ச்சில் பன்றிகளுக்குத் தீனி போட்டதை மறந்து மறுபடி மறுபடி போட்டார். அதனால்தான் விற்றோம். வெண்டெல் முதியோர் இல்லத்தில் பெயர் பதிந்து வைத்திருக்கிறான். செப்டம்பரில் ஒரு கட்டில் காலியாகுமாம்.

அதற்குள் இந்தக் கோடையை நான் எடுத்துக்கொண்டேன். பன்றிக் கொட்டகையில் நிற்கும்போது அவர் பழைய ஹார்லன். அதைப் பார்க்கத்தான் ஊர் ஊராகப் போகிறேன். வெளியே வந்து பத்து நிமிஷம் ஆனால், "அம்மா, இந்த பஸ் எங்கே போகுது?" என்று என்னையே கேட்கிறார். மரியாதையாகத்தான் கேட்கிறார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூன்று மாதம் ஆகிறது.

நீ பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய். மேற்கே வராததற்கு அதுதான் காரணம். வண்டி எந்த மலையும் ஏறும். உனக்கு எழுதும் கடிதத்திலாவது அவர் சுகமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அட்டையை அவர் எப்போது பெட்டியில் போட்டார் என்றே எனக்குத் தெரியாது. உன்னை அழவைத்ததற்கு அவர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆர்டிஸ்

ஒரேகான்,
8 ஆகஸ்ட் 1974

என் அக்காவுக்கு,

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அதை முதலில் எழுது.

உனக்கு நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ரசல் கடைசி மூன்று மாதம் படுத்த படுக்கையாக இருந்தார். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். எல்லோரும் என்னை மெச்சினார்கள். ஒரு காலையில் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். என்னால் தூக்க முடியவில்லை. கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லை, டெலிபோன் இருந்த அறைக்குப் போக அவர் என் கையை விடவில்லை. பால்காரர் வரும்வரை இரண்டு மணி நேரம் தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு மணி நேரம் அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்! என் பிடிவாதத்துக்கு அவர் பட்ட பாடு அது. நீ வாங்கித் தந்த கம்பளி விரிப்பு கறைபட்டுவிட்டது என்று மட்டும் அப்போது உனக்கு எழுதினேன்.

அதனால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. செப்டம்பரில் கட்டில் காலியானால் அத்தானை அனுப்பிவிடு. நீ அறுபத்து மூன்று வயதுக்காரி. அவர் நல்ல உயரமான மனுஷர்.

லவோன்

இந்தியானா,
14 ஆகஸ்ட் 1974

லவோன்,

நாங்கள் நலம்.

நாற்பத்தொரு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்ட மனுஷரைக் கைகழுவச் சொல்கிறாய். நீ உன் புருஷனைக் கடைசிவரை வைத்துக்கொண்டாய். எனக்கு மட்டும் இந்த யோசனையா?

நாளை அயோவாவுக்குக் கிளம்புகிறோம். அவர் என் குரலுக்கு இன்னும் வருகிறார். டிரெய்லர் வாசலில் நின்று கூப்பிட்டால் எங்கிருந்தாலும் வந்துவிடுகிறார். பெயர் மறந்தால் என்ன, குரல் மறக்கவில்லையே. அது இருக்கும்வரை எந்த இல்லத்துக்கும் அனுப்பமாட்டேன்.

ஆர்டிஸ்

அயோவா,
25 ஆகஸ்ட் 1974

அன்புள்ள லவோன்,

வீட்டுக்கு வந்துவிட்டோம். உன் முழங்காலை விசாரிக்காமல் போன கடிதத்தை முடித்ததற்கு வருந்துகிறேன். எப்படி இருக்கிறது?

போட்டி அன்று நடந்ததைச் சொல்கிறேன். அவரை எப்போதும்போல மூன்றாவது வரிசையில் உட்காரவைத்து, கையில் எலுமிச்சை ஜூஸ் கொடுத்துவிட்டு, என் எண்ணைச் சட்டையில் குத்திக்கொள்ள மேடைக்குப் பின்னால் போனேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வந்து பார்த்தால் நாற்காலியில் ஜூஸ் மட்டும் இருந்தது.

ஒலிபெருக்கியில் அவர் பெயரை மூன்று தடவை சொன்னார்கள். அந்தப் பெயர் தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்தால்தானே! மைதானத்தில் பதினாயிரம் பேர் இருப்பார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் பெரிய சாலை. நான் பன்றிக் கொட்டகைக்கு ஓடினேன். உள்ளே இல்லை. வாசலில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டு மேல் ஏறி நின்று கூப்பிட்டேன். "ஹார்ல...ன், ஆறுது வாங்க!"

ஜனங்கள் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். போட்டிக்கு ஒத்திகை என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர், "மேடை அந்தப் பக்கம்மா!" என்றார். இன்னொருவர், "இந்தா வந்துட்டேன், இன்னிக்கு என்ன சமையல்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மறுபடி கூப்பிட்டேன். தூரத்தில் மேடையில் என் பெயரைச் சொல்லி அழைப்பதும் கேட்டது. பன்னிரண்டு தடவை கூப்பிட்டிருப்பேன் லவோன், தொண்டை கிழிந்து குரல் போய்விட்டது. அவர் வரவில்லை. அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

குரல் நின்று சற்று நேரம் கழித்து, பன்றியைக் குளிப்பாட்டிவிட்டு வந்த ஒரு பெண், "கொட்டகைக்குப் பின்னாடி ஒருத்தர் கைகழுவிக்கிட்டே இருக்காரு, உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டாள்.

பின்னால் போனேன். பன்றிகளைக் கழுவும் குழாயடியில் நின்றிருந்தார். முழங்கை வரை தோல் சிவந்து, ஓரிடத்தில் ரத்தம் கசிந்தது. பன்றிக்குத் தேய்க்கும் பிரஷ் கையில் இருந்தது. அந்தப் பெண் சொன்னாள்: "முடிச்சிட்டுக் கிளம்புவாரு. அந்தப் பக்கம் யாரோ ஒரு அம்மா கூப்பிடுவாங்க. உடனே, 'வர்றேன், வர்றேன்'னு சொல்லிட்டு மறுபடி முதல்லேருந்து கழுவுவாரு."

புரிகிறதா லவோன்? முதல் தடவை கூப்பிட்டதுமே அவர் வரத்தான் கிளம்பினார். நான் கூப்பிடக் கூப்பிட, நான்தான் அவரை அங்கேயே நிறுத்திவைத்தேன். விட்டிருந்தால் வந்திருப்பார். என் பிடிவாதத்துக்கு அவர் கை புண்ணானது.

நீ தரையில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோபமாக எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அன்று சாயங்காலமே வெண்டெலிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

அக்கா

ஒரேகான்,
31 ஆகஸ்ட் 1974

அக்காவுக்கு,

கைப் புண்ணுக்கு வாஸலின் தடவு, மேலே பழைய பருத்தித் துணியைச் சுற்று. முழங்கால் பரவாயில்லை.

கைகழுவுவது என்றால் விட்டுவிடுவது என்ற அர்த்தத்தில் நீ எழுதியிருந்தாய். அத்தான் அதை உன்னிடம் வருவதற்காகத்தான் செய்திருக்கிறார். இதை மட்டும் நினைத்துக்கொள், மற்றதை நான் நேரில் பேசிக்கொள்கிறேன். பீன்ஸ் முடிந்ததும் ஆலையை மூடுவார்கள். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு அக்டோபர் கடைசியில் வருகிறேன். அதுவரை ஒழுங்காகச் சாப்பிடு.

லவோன்

அயோவா,
13 அக்டோபர் 1974

என் அன்புத் தங்கைக்கு,

உனக்காகப் பின்னறையைச் சுத்தம் செய்துவிட்டேன். குளிர் தொடங்கிவிட்டது, முழங்காலுக்குக் கம்பளி உறை எடுத்து வா.

அவரை இல்லத்தில் சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் பார்க்க வரவேண்டாம், பழகட்டும் என்றார்கள். அந்த ஏழு நாள் எப்படிப் போனது என்று நீ வந்ததும் சொல்கிறேன். எட்டாம் நாள் போனபோது தலைமை நர்ஸ் கவலையாக இருந்தார். சாப்பாட்டு மணி அடித்தால் எல்லோரும் வருகிறார்களாம், இவர் மட்டும் வரமாட்டேன் என்கிறாராம். ஆறு மணிக்குத் தானாகப் போய்க் கைகழுவுகிறாராம். அதற்குப் பிறகு ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி அறைக்குள்ளேயே நிற்கிறாராம். "யாருக்காகவோ காத்துக்கிட்டு நிக்கிறாரு. கையைப் பிடிச்சு இழுத்தாலும் வர மாட்டேங்கிறாரு," என்றார்.

நான் என்ன செய்யவேண்டும் என்று சொன்னேன். இங்கே சத்தம் போடக் கூடாதே என்று யோசித்தார். ஒரே ஒரு தடவைதான் என்றேன்.

நடைக்கூடத்தின் கடைசியில், சாப்பாட்டு அறை வாசலில் நின்று கூப்பிட்டேன். மேசைகளில் இருந்த கிழவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் எழுந்தே விட்டார். இவரைக் காணவில்லை. வாய் மறுபடி கூப்பிடத் துடித்தது லவோன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். சூப் ஆறிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, மெதுவாக நடந்து வந்தார். என் எதிரே நின்று முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஜெயிச்சியா, ஆர்டிஸ்?"

என் பெயரைச் சொன்னார். அவருக்கு அது இன்னும் பொருட்காட்சிதான் போலிருக்கிறது.

"ஜெயிச்சுட்டேங்க," என்றேன். "முதல் பரிசு."

தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்து சூப் முழுவதையும் குடித்தார். அதற்குப் பிறகு பெயரும் போய்விட்டது, நானும் யாரோ ஆகிவிட்டேன். இப்போது தினமும் ஆறு மணிக்குப் போகிறேன். ஒரு தடவை கூப்பிடுகிறேன், வருகிறார்.

இனி எதையும் மறைத்து எழுதமாட்டேன் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அவரிடம் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் நீ வந்தபின் திருத்திவிடாதே.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா ஆர்டிஸ்